எம்புட்டு குடுக்குது?

பரவையில் யார் வீட்டுக்குப் புதுக் கார் வந்தாலும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குவதற்குள் மைலேஜ்காரர் வந்துவிடுவார். விலை கேட்க மாட்டார், கலர் பார்க்க மாட்டார். "என்ன மாப்ள, எம்புட்டு குடுக்குது?"

ஷோரூமிலிருந்து வீடுவரைதான் ஓடியிருக்கும் வண்டி. வாங்கியவர் வேறென்ன செய்வார், கம்பெனி சொன்ன 22-ஐச் சொல்வார்.

"அது ஆய்வுக்கூடத்துல, உருளைமேல சக்கரத்தைச் சுத்தவிட்டு எடுத்த கணக்கு மாப்ள. ஏசி கிடையாது, வேகம் 90-ஐத் தாண்டாது, குறுக்க காய்கறி லாரி வராது. பாத்திமா காலேஜ் சிக்னல்ல நின்னு பாத்தாத் தெரியும்."

இதுவரை சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அடுத்த வாக்கியத்தில்தான் பிரச்சினை: "நம்ம வண்டி 24 குடுக்குது."

அந்த 24 பிறக்கும் இடம் பெட்ரோல் பங்க். முறையெல்லாம் அவருக்கு அத்துப்படி. டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஓட்டுவார். மறுபடி அதே பங்கில், அதே பம்பில் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பார். 480 கிலோமீட்டருக்கு 26.4 லிட்டர் என்றால் 18.2. ஆனால், முதல் தடவை நிரப்பும்போது ஆட்டோ கட் ஆன பிறகும் வண்டியைக் குலுக்கிக் குலுக்கி, "இன்னும் கொஞ்சம் புடிக்கும் தம்பி" என்று கழுத்துவரை ஊற்றச் சொல்வார். இரண்டாம் தடவை 'டிக்' சத்தம் கேட்டதுமே "போதும், போதும்!" அங்கே 2 லிட்டர் மறைந்தால் கணக்கு 20-ஐ நெருங்கிவிடும்.

மீதி 4? அது கொடைக்கானல் தந்தது. ஏறிய கணக்கு நோட்டில் ஏறாது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குகிற கணக்கு மட்டும் சிவப்பு மையில் இருக்கும். அதுவும் நியூட்ரலில் இறங்கியது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். ஆக, மனிதர் பெட்ரோலையும் செலவழித்து, பிரேக்கையும் தீயவிட்டுத்தான் சிக்கனம் பிடிக்கிறார். மகன் சொல்லிப் பார்த்தான். "எனக்கே கிளாஸ் எடுக்குறியா?"

ஏசி பொத்தானுக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆயுதபூஜைப் பொட்டு வைப்பதோடு சரி. சித்திரை வெயிலில் அவர் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டு, "பஸ்ஸுல போயிருந்தா எந்திரிச்சு நின்னாவது காத்து வாங்கியிருப்பேன்" என்பார். ஜன்னலை இறக்கிவிட்டு நாலுவழிச்சாலையில் பறந்தால் காற்று எதிர்த்துத் தள்ளி அதுவும் பெட்ரோலைத் தின்னும் என்பதை அந்த அம்மாள் அறிந்தால் என்ன ஆகுமோ!

இப்போது கையில் ஓர் எதிரியும் கிடைத்துவிட்டான், எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட அதில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பது நிஜம். 20 சதவீதம் கலந்தால் சக்தியில் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். மிச்சம் குறைவதற்கு, தீபாவளிக்குப் பிறகு காற்றே பார்க்காத நாலு டயரும், டிக்கியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் சிமெண்ட் மூட்டையும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச்சு எழாது.

மார்க்கெட் டீக்கடையில் ஒருநாள் லோடு வண்டிக்காரர் ஒருவர் சிக்கினார். தக்காளிப் பெட்டியோடு ஒரு கணக்கு, திரும்பி வரும் காலி வண்டிக்கு ஒரு கணக்கு, டோல்கேட் தனி என்று சட்டைப்பையில் சீட்டு வைத்திருப்பவர். 24 கதையை முழுசாகக் கேட்டு, டீயையும் குடித்து முடித்தார்.

"அப்ப அண்ணே, வருஷம் பூரா கொடைக்கானல்லருந்து எறங்கிக்கிட்டேதான் இருப்பீகளா?"