எழுத வராதவர் பதிப்பாளர் ஆன கதை

சென்னையை ஒட்டிய நாவலூரில் அடுக்குமாடிக்கு ஒரு நாவலாசிரியராவது இருப்பார் என்பது என் சந்தேகம். பகலில் ஐ.டி. கம்பெனி, ராத்திரியில் காவியம். பதிப்பகத்திலிருந்து பதில் வரவில்லை, சொந்தக் காசில் போட்டால் நாலு பேர் சிரிப்பார்களோ என்று லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு விழிக்கிறார்கள். இவர்களுக்காகப் பழைய செங்கல்பட்டு ஜில்லாக் கதை ஒன்றைச் சொல்கிறேன். பயபக்தியை எதிர்பார்க்க வேண்டாம்.

காஞ்சிபுரம் பக்கத்து நீர்வளூரில் 1901-இல் பிறந்தவர் கோதைநாயகி. ஐந்தரை வயதில் கல்யாணம் முடிந்து, திருவல்லிக்கேணி வை.மு. குடும்பத்தின் மருமகள் ஆகிவிட்டார். பள்ளிக்கூடம் போக நேரம் ஏது? கணவர் பார்த்தசாரதி நல்லவர். மனைவியை நாடகத்துக்கு அழைத்துப்போனார். அங்கேதான் வினை.

நாடகம் பார்த்துவிட்டுத் திரும்புகிற எல்லோரும் வண்டியிலேயே, “இதைவிட நான் நன்றாக எழுதுவேன்” என்பார்கள். வீடு வந்ததும் தூங்கிவிடுவார்கள். இந்த அம்மாள் தூங்கவில்லை. ஒரே ஒரு சிக்கல்: எழுத வராது. அதனாலென்ன, தோழி பட்டம்மாள் எதற்கு இருக்கிறாள்? இவர் சொல்லச் சொல்ல அவர் எழுத, 1924-இல் ‘இந்திர மோகனா’ நாடகம் புத்தகமாகவே வந்துவிட்டது. “அடுப்பில் பால் இருக்குடி, அப்புறம் வரேன்” என்று பட்டம்மாள் நழுவியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அடுத்து நாவல், ‘வைதேகி’. நாமாயிருந்தால் பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பிவிட்டுத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்போம். கோதைநாயகி 1925-இல், நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ பத்திரிகையையே வாங்கிவிட்டார்! கதையை வெளியிட இடம் தேடுவானேன், இடத்தையே விலைக்கு வாங்கு. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். ஒருமுறை செத்த பத்திரிகை அது. இனிமேல் கதை பிரசுரத்துக்கு ஏற்றதல்ல என்று யாராவது திருப்பி அனுப்ப வேண்டுமென்றால், அவரே அவருக்கு எழுதிக்கொண்டால்தான் உண்டு. அப்படி எழுதியதாகத் தெரியவில்லை. மொத்தம் 115 நாவல்கள்.

1932-இல் மறியல் செய்ததற்காக ஜெயிலில் போட்டார்கள். உள்ளே உட்கார்ந்தும் நாவல் எழுதினார். ஒருகாலத்தில் எழுத வராத அம்மாளின் எழுத்தை வெள்ளைக்கார சர்க்காராலும் நிறுத்த முடியவில்லை. பத்திரிகை முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த நாவல்களை இன்று எடுத்தால் பாதியில் எனக்குக் கொட்டாவி வருகிறது என்பது வேறு விஷயம். அன்றைக்கு வாங்கிப் படித்தவர்களுக்கு வரவில்லையே!

ஆண் சிங்கங்களின் கதையையும் பார்த்துவிடுவோம். 1920-இல் கடையத்திலிருந்து பாரதியார் ஒரு திட்டம் போட்டார். நாற்பது புத்தகம், ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி, முதலுக்கு இருபதாயிரம் ரூபாய் கடன். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி விற்றுத் தீரும் என்று சுற்றறிக்கையே அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் அமோகமாக விற்றன. கடன் கொடுக்கத்தான் ஆள் வரவில்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவோ சொந்தப் பிரசுரத்தைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். எண்பத்தைந்து வயதை நெருங்கியும் அடங்காமல், 1997-இல் ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகமாகத் தாமே வெளியிட்டார். அதற்கு 2001-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. செல்லப்பா 1998-லேயே போய்விட்டார். அகாதமிக்கு அவசரம் கிடையாது.

ஆக, நாவலூர்க்காரரே, உங்கள் ஊர் சுங்கச்சாவடியில் 2023-லேயே வசூலை நிறுத்திவிட்டார்கள். அந்த மிச்சத்தில் புத்தகத்தைப் போடுங்கள். பாரதியார் மாதிரி நாலு லட்சம் பிரதி வேண்டாம், முந்நூறு போதும், கட்டிலுக்கடியில் அதற்குமேல் கொள்ளாது. மெய்ப்புப் பார்க்க மட்டும் காசு கொடுத்து ஒரு ஆளை வையுங்கள். எனக்கு ஓசிப் பிரதி அனுப்பாதீர்கள், வாங்கியே படிக்கிறேன்.