எண்ணெய்ச் சட்டியும் உறவினர் கூட்டமும்: கிறிஸ்துமஸ் பலகாரம் குறித்த ஓர் ஆய்வு

கிறிஸ்துமஸ் பரிசைப் பொருளியலாளர்களும் சும்மா விட்டதில்லை. பரிசுக்குக் கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகப் போகிறது என்று 1993-ல் ஒரு கட்டுரையில் கணக்குக் காட்டினார் ஜோயல் வால்ட்ஃபோகல். போட்ட காசளவுக்குப் பரிசைப் பெற்றவர் அதை மதிப்பதில்லையாம். யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் விசாரித்துக் கண்ட முடிவு இது. தாத்தா, பாட்டி, மாமா, அத்தை தந்தவற்றில்தான் சேதாரம் அதிகம்.

அவருக்கும் முன்னால், 1912-ல், நியூயார்க்கில் வீண் பரிசளிப்பைத் தடுக்க ஒரு சங்கமே தொடங்கினார்கள். மேலாளருக்குப் பரிசு வாங்க, வேலைக்குப் போகும் பெண்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து காசு போட வேண்டியிருந்த காலம் அது. முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் உறுப்பினரானார்.

இந்த இரு தரப்பாரும் நாகர்கோவில் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை. வந்து, டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஏதாவதொரு அடுக்களையில் முந்திரிக்கொத்து சுடுவதைப் பார்த்திருந்தால் கட்டுரையும் தேவைப்பட்டிருக்காது, சங்கமும் தேவைப்பட்டிருக்காது.

ஆய்வுப் பொருளின் இயல்பை முதலில் பார்ப்போம். வறுத்துப் பொடித்த சிறுபயறு, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய். இவற்றின் தலையில் கொதிக்கக் கொதிக்க வெல்லப் பாகு. ஆறிவிட்டால் மாவு உதிரும், உருண்டை பிடிக்காது. கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டியாக வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற காரியமா? ஆகவே சித்தி வருகிறார், மைனி வருகிறார், அவர்கள் பின்னால் பிள்ளைகளும் வருகிறார்கள். மஞ்சள்தூள் போட்டுக் கரைத்த மாவில் உருண்டைகளை முக்கி, மும்மூன்றாக ஒட்டிக்கொள்ளும்படி எண்ணெயில் விடுவது மட்டும் வீட்டின் மூத்த பெண்மணியின் உரிமை. அந்த இடத்துக்கு வேறு யாரும் போட்டியிட முடியாது.

இங்கிருந்து பிறப்பதே நமது கருதுகோள்: கைக்கு வேலையும் வாய்க்கு ஓய்வும் சேர்ந்து வரும் இடத்தில்தான் குடும்பம் பேசும். வீட்டாரோடு கொஞ்சம் உட்காரு என்று போதகர் சொல்லியும் கேட்காத கல்லூரிப் பையன், பாகு ஒட்டிய விரலால் கைபேசியைத் தொட முடியாமல், பெரியப்பாவின் கல்யாணத்தில் சாப்பாடு பற்றாமல் போன கதையை முழுதாகக் கேட்கிறான்.

சேதாரக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். உடைந்தது பிள்ளைகளுக்கு, கருகியது மாமாவுக்கு, முழுசாக வந்தது பக்கத்து வீட்டுக்கு. பக்கத்து வீட்டுக்குப் போகும் தட்டு, தீபாவளிக்கு அதிரசத்தோடு அங்கிருந்து வந்த தட்டுதான். வெறுந்தட்டாகத் திருப்பித் தருவது மரியாதையில்லை என்பதால் இத்தனை நாள் இங்கேயே தங்கிவிட்டது.

பரிசே இல்லையா என்றால், புதுத்துணி உண்டு. அதைத் தையல்காரர் 24-ஆம் தேதி இரவு வரை இழுத்தடிப்பது தனி ஆய்வுக்குரியது.

இப்போது முந்திரிக்கொத்தை ஆர்டர் கொடுத்து வாங்கும் வீடுகளும் உண்டு. ருசியில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் மைனி வருவதற்குத்தான் அங்கே காரணமில்லை.

ஆய்வில் விடுபட்டது ஒன்று உண்டு. எண்ணெய்ப் பிசுக்கேறிய சட்டியை யார் தேய்ப்பது? அந்த நேரம் பார்த்து, நட்சத்திரத்தில் பல்பு எரியவில்லை என்று ஆண்கள் அனைவரும் மாடிக்கு ஏறிவிடுவதால், அவர்கள் தரப்புத் தரவு கிடைக்கவில்லை.