கிணற்றடிக்கு மேலே ஒரு கண்

கேள்வி: பக்கத்து வளவுக் கலியாணத்துக்கு வந்த ட்ரோன் எங்கள் கிணற்றடிக்கு மேலேயே நின்று சுற்றுகிறது. பெண்கள் வெளியே வர முடியவில்லை. கல்லால் எறிந்து விழுத்தலாமா? (ஒரு வாசகர், நாவிதன்வெளி)

பதில்: வேண்டாம். பிறர் பொருளை உடைத்தால் வழக்கு உங்கள் மேல்தான். கல் தவறி மாப்பிள்ளை தலையில் விழுந்தால் வழக்கு இரண்டு.

காணி உறுதியில் நான்கு எல்லை எழுதுவார்கள். வானத்தை எந்த நொத்தாரிசும் எழுதியதில்லை. அமெரிக்காவில் ஒரு கோழிப்பண்ணைக்கு மேலே இராணுவ விமானங்கள் 83 அடி உயரத்தில் பறக்க, மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. 1946இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆகாயம் முழுக்க உமதல்ல, ஆனால் நிலத்தை அனுபவிக்கத் தேவையான உயரம் உமது. நல்ல தீர்ப்பு; கல்முனை நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது என்பதுதான் சங்கடம்.

இங்கே இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின் ட்ரோன்களைத் தரையிலேயே நிறுத்திவைத்தார்கள். இப்போது பறக்கவிடுவதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன. ஆகவே கமராக்காரரிடம் பதிவையும் அனுமதியையும் காட்டச் சொல்லுங்கள். பலருக்கு அந்த நிமிடமே பற்றரி தீர்ந்துவிடும். தீராவிட்டால் பொலிஸ். எடுத்த படத்தை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கலியாண வீடியோவில் பொண்ணு மாப்பிள்ளைக்கு நடுவே உங்கள் சாரம் கொடியில் ஆடும்.