மூன்றாம் தரத்துக்குப் பின்: ஏலம் எடுத்துப் பணம் கட்டாதோர் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

புதுக்கோட்டை ஆராயப்படாத மாவட்டம் அன்று. சித்தன்னவாசல் ஓவியங்களை ஆராய்ந்தாயிற்று. குடுமியான்மலை இசைக் கல்வெட்டை ஆராய்ந்தாயிற்று. சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் 1929இலேயே நூலாகிவிட்டன. திருக்கோகர்ணத்தில் 1910 முதல் அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆனால் இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் அம்மன் காசை ஏலத்தில் எடுத்துவிட்டு, விடிந்ததும் போனை எடுக்காமல் இருப்பவரைப் பற்றி ஓர் ஆய்வேடுகூடக் கண்ணில் படவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே கட்டுரையின் நோக்கம். ஆய்வுலகில் இடைவெளி தென்பட்டால் நிரப்பிவிட வேண்டும். அது இத்தனை நாள் ஏன் காலியாகக் கிடந்தது என்று கேட்பது மரபன்று.

அம்மன் காசு என்பது புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட சிறு செப்புக்காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாக வழங்கப்பட்ட இந்தக் காசு, பிற்காலத்தில் பர்மிங்காமில் எந்திரத்தில் அச்சாகி வந்தது. 20 காசு ஓர் அணா. ஆகவே ரூபாய்க்கு 320. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு, காசு கடைவீதியை விட்டுச் சேகரிப்பாளர்களின் ஆல்பத்துக்குப் போய், அங்கிருந்து ஆன்லைன் ஏலத்துக்குக் குடிபெயர்ந்தது. தானமாகக் கொடுத்த காசு விலைக்கு வரும்போதும், ஏலம் எடுத்தவர் அதை இன்னும் தானம் என்றே எண்ணிக்கொள்கிறார் என்பது இவ்வாய்வின் முதற் கருதுகோள்.

2. எல்லை

1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி, சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ ஏலதாரர் அறிவித்ததும் விற்பனை முற்றுப்பெறும். அதுவரை, கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். நம் பக்கம் சுத்தியல் கிடையாது. 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' உண்டு. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரைக்கு வந்த மீனை ஏலம் விடும்போது, இந்த மூன்று தரத்துக்கும் நடுவே இறால் ஒருமுறை துள்ளி விழக்கூட நேரம் இராது. ஆன்லைனில் தரம் இல்லை, கடிகாரம்தான். கடிகாரம் சுழியத்தைத் தொட்ட பிறகும் பணம் வந்து சேராத காலப்பரப்பே இக்கட்டுரையின் ஆய்வு எல்லை. சில நேர்வுகளில் இப்பரப்பு முடிவிலி.

3. வகைப்பாடு

மறந்தவர்: மறந்துவிட்டார்.

வீட்டில் தெரிந்துபோனவர்: இவரைப் பற்றிய தரவுகள் அனைத்தும் வீட்டம்மா வசம் உள்ளன. தர மறுக்கிறார்.

மச்சான் வகை: விலையை ஏற்றிவிட விற்பவரே தம் மச்சானைக் கேட்கச் சொல்வது பழைய உத்தி. பொய்யாகக் கேட்டு விலையை ஏற்றினால், வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையையே தள்ளிவிடலாம் என்கிறது மேற்படி 64ஆம் பிரிவு. எதிராளி சட்டென்று ஒதுங்கிக்கொள்ள, ஏலம் மச்சான் தலையில் விழுந்துவிடும் நேர்வுகளும் உண்டு. அப்போது பொருள் வீட்டிலேயே இருக்கும், பணமும் வீட்டிலேயே இருக்கும். பேச்சுவார்த்தை மட்டும் இருக்காது.

கொள்கைவாதி: 2009 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டீஸ் நிறுவனம், ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் சேகரிப்பிலிருந்த இரண்டு வெண்கலத் தலைகளை ஏலம் விட்டது. ஒன்று எலி, மற்றொன்று முயல். 1860இல் பெய்ஜிங்கின் பழைய கோடை அரண்மனை சூறையாடப்பட்டபோது வெளியேறியவை. தொலைபேசி வழியே ஒவ்வொன்றையும் 1.4 கோடி யூரோவுக்குக் கேட்டு எடுத்தார் சாய் மிங்சாவ் என்ற சீனர். சில நாளில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, பணம் கட்டப்போவதில்லை, இது தேசக் கடமை என்று அறிவித்தார். பிரெஞ்சுத் தொழிலதிபர் பினோ குடும்பத்தார் 2013இல் அத்தலைகளைச் சீனாவுக்கே கொடுத்துவிட்டார்கள். பணம் கட்டாமலே பொருள் ஊர் போய்ச் சேர்ந்த அரிய நேர்வு இது. இதைப் படித்துவிட்டு, அம்மன் காசுக்குப் பணம் கட்டாததும் சமஸ்தானப் பற்றினால்தான் என்று சொல்லக் கிளம்பியவர்கள் உண்டு. பிரகதாம்பாள் பாரிஸ் போகவில்லை என்பதால் அவ்வாதம் ஏற்கப்படவில்லை.

நிறுவன வகை: அமெரிக்காவில் 1996இல் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் நெக்ஸ்ட்வேவ் என்ற நிறுவனம் சுமார் 470 கோடி டாலருக்கு உரிமங்களை எடுத்தது. முன்பணம் கட்டியது, மிச்சத்துக்கு 1998இல் திவால் மனு கொடுத்தது. உரிமங்களை அரசு ரத்து செய்ய, பணம் கட்டவில்லை என்பதற்காகத் திவால் காலத்தில் அவற்றைப் பிடுங்க முடியாது என்று 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தகைய அலைக்கற்றை ஏலங்களின் முறையை வடிவமைத்ததில் பங்குள்ள பால் மில்க்ரோமுக்கும் ராபர்ட் வில்சனுக்கும் 2020இல் பொருளியல் நோபல் கிடைத்தது. பாடப்புத்தகத்து ஏலங்களில் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஒழுங்காகப் பணம் கட்டிவிடுவார்கள். சமன்பாட்டுக்கு அதுதான் வசதி. ஆனால் பரிசுச் செய்தி சொல்ல அழைத்தபோது மில்க்ரோம் போனை எடுக்கவில்லை. எதிர் வீட்டில் குடியிருந்த வில்சன் நடுராத்திரியில் நடந்துபோய்க் கதவைத் தட்டித்தான் எழுப்பினார். வென்றவரைப் பிடிக்க விற்றவர் படும் பாடு அன்றைக்காவது அறிஞருலகத்துக்கு எட்டியிருக்கும்.

4. நீலக்குறிச் சிக்கல்

பணம் கட்டாமை எந்த நொடியில் தொடங்குகிறது? ஆய்வின் மையச் சிக்கல் இதுதான். இதில் இரண்டு பள்ளிகள் உள்ளன. புதுக்கோட்டை நகரின் வீதிகள் திசையும் எண்ணும் இட்டு வரிசையாக அமைந்தவை என்பதால் பள்ளிகளுக்குப் பெயரிடுவது எளிதாயிற்று.

ஏலம் முடிந்த அந்த நொடியே தொடங்கிவிடுகிறது என்பது தெற்கு 4ஆம் வீதிப் பள்ளி. கீழ 2ஆம் வீதிப் பள்ளி இதை ஏற்பதில்லை. 'அண்ணே, பணம் இன்னும் வரலையே' என்று விற்றவர் செய்தி அனுப்பி, அதில் இரண்டு நீலக்குறி விழுந்த பிறகே குற்றம் பிறக்கிறது. பார்க்காத செய்திக்குப் பொறுப்பில்லை என்பது அவர்கள் வாதம். அப்படியானால் நீலக்குறியையே அணைத்து வைத்திருப்பவர்? அவர் நித்திய நிரபராதி. இதைச் சொல்லும்போது கீழ 2ஆம் வீதியார் குரல் சற்றுத் தழுதழுக்கும். அப்பள்ளியில் பலர் குறியை அணைத்து வைத்திருப்பவர்கள்.

தெற்கு 4ஆம் வீதியார் விடவில்லை. அதே ஆசாமி அதே குழுவில் காலை 6.10க்கு ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' போட்டிருக்கிறாரே, போனில் நெட் இருந்ததற்கு அது சான்றாகாதா என்றார்கள். ஆகாது, காலை வணக்கம் கை தானாகச் செய்வது, அதில் அனுப்புபவரின் மனம் கலப்பதில்லை என்று பதில் வந்தது. ஆதாரம் கேட்டபோது, ஓர் ஏட்டின் 14ஆம் ஓலையைக் காட்டினார்கள்.

அவ்வோலையைக் கரையான் தின்றுவிட்டது. எனினும் தின்ற ஓட்டை வட்டமாக இருப்பதால் அது சுழியத்தை, அதாவது உடனடியாகச் செலுத்த வேண்டிய தொகையைக் குறிக்கும் என்பது கீழ 2ஆம் வீதி உரை. ஓட்டை வட்டமன்று, நீள்வட்டம் என்று மறுதரப்பு ஒரு தடித்த நூலில் நிறுவியது. அந்நூலுக்கு எழுந்த மறுப்பு ஓட்டையை விட்டுவிட்டுக் கரையானைப் பிடித்துக்கொண்டது: கரையானின் காலத்தைக் கணித்தால் ஓலையின் காலம் தெரியும், ஓலையின் காலம் தெரிந்தால் காலை வணக்கத்தின் தொன்மை தெரியும் (காண்க: மறுப்பின் அடிக்குறிப்பு 9, அவ்வடிக்குறிப்பின் உட்குறிப்பு, உட்குறிப்பின் பிழைதிருத்தம், பிழைதிருத்தத்தின் இரண்டாம் பதிப்புக்கு முதற்பதிப்பின் ஆசிரியர் தம்மைத் தாமே பாராட்டி எழுதிய அணிந்துரை, அணிந்துரையில் அச்சாகாமல் விடுபட்ட கடைசிப் பத்தி). ஓலையை நேரில் கண்டவர் இரு பள்ளியிலும் இல்லை. பார்த்துவிட்டால் ஆய்வின் நடுநிலை கெட்டுவிடும்.

இச்சிக்கல் குறித்துப் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஒன்றும் கூடியது. வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு பேராசிரியர் அங்கிருந்தே ஜூமில் தலைகாட்டியதால் அது பன்னாட்டுத் தன்மை பெற்றது. கருத்தரங்க மலரில் கட்டுரை வர வேண்டுமானால் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும். பணம் கட்டாமை குறித்த கட்டுரைகள் எல்லாம் கட்டணம் கட்டாததால் மலரில் இடம்பெறவில்லை.

5. விளைவுகள்

1995இல் பியர் ஒமிட்யார் தொடங்கிய இணைய ஏலத்தில் முதலில் விற்றது உடைந்த லேசர் பாயின்டர், 14.83 டாலருக்கு ஒருவர் எடுத்துப் பணமும் கட்டினார். ஈபே அப்படித்தான் வளர்ந்தது. உடைந்த பொருளுக்குப் பணம் கட்டியவர் அன்றி முழுப் பொருளுக்குக் கட்டாதவர் முதல் ஆளாக வந்திருந்தால் வரலாறு வேறு. அங்கே இன்றைய விதிப்படி நான்கு நாளில் பணம் வராவிட்டால் விற்றவர் ஏலத்தை ரத்து செய்யலாம். கட்டாதவர் கணக்கில் அது பதிவாகும். பதிவு சேர்ந்தால் கணக்குக்குக் கட்டுப்பாடு வரும். வாங்கியவரைப் பற்றி விற்றவர் எதிர்மறையாக எழுத மட்டும் 2008 முதல் வழியில்லை. வாட்ஸ்அப் குழுவில் தண்டனை இன்னும் எளிது: நீக்கிவிடுவார்கள். மறுநாள் அவரே வேறு எண்ணில் உள்ளே வந்து, 'புது உறுப்பினருங்க, எல்லாருக்கும் வணக்கம்' என்பார்.

காசு பெரிதாகும்போது சட்டத்தின் முகமும் மாறுகிறது. நீதிமன்ற ஏலத்தில் நிலம் எடுத்தவர் 25 விழுக்காட்டை அங்கேயே கட்ட வேண்டும், முழுத் தொகையையும் 15 நாளில். தவறினால் முன்பணம் போகலாம். மறு ஏலத்தில் விலை குறைந்தால் அந்தக் குறைவும் தவறியவர் தலையில். கடன் பாக்கிக்காக வங்கிகள் சர்ஃபேசி சட்டப்படி நடத்தும் மின் ஏலத்திலும் கிட்டத்தட்ட இதே கணக்கு.

தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்று இதைக் கல்வெட்டாக்கியது. சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவின் மின் ஏலத்தில் ஒருவர் 12.27 கோடி ரூபாய்க்குச் சொத்தை எடுத்து, 25 விழுக்காடாக 3.06 கோடி கட்டினார். மிச்சம் கட்ட முடியவில்லை. வங்கி முன்பணத்தை எடுத்துக்கொண்டு மறு ஏலம் விட, சொத்து 14.76 கோடிக்குப் போனது. வங்கிக்கு நட்டமே இல்லையே, முழு முன்பணத்தையும் வைத்துக்கொள்வது தகாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2024 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: விதி பறிமுதல் என்கிறது, நட்டம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு அதில் இடமில்லை. முன்பணம் முழுதும் போயிற்று. அம்மன் காசுக் கணக்கில் அது 979 கோடியே 20 லட்சம் காசு. நெக்ஸ்ட்வேவ் புதுக்கோட்டையில் ஏலம் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

கோயில் ஏலம் இந்தச் சட்டங்களுக்கு அப்பாற்பட்டது. 2024 பங்குனி உத்திரத்தின்போது விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒரு முருகன் கோயிலில் ஒன்பது எலுமிச்சம்பழங்கள் மொத்தம் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போயின. அங்கே நினைவூட்டல் அனுப்புவது யார், வேலோடு நிற்பது யார் என்பதை எண்ணினால் நீலக்குறிச் சிக்கல் எழாது.

6. ஒப்பாய்வு

இதே மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கிறது. கறிச்சோறு போட்டு, வந்தவர்கள் செய்யும் மொய்யை நோட்டில் எழுதுவார்கள். இப்போது கணினியும் பணம் எண்ணும் மெஷினும் வந்துவிட்டன. ஒரு குடும்பம் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை விருந்து வைக்கும். நடுவில் மற்றவர் வைக்கும்போது, வாங்கியதைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். பத்திரம் இல்லை, முத்திரைத்தாள் இல்லை, ஜாமீன் இல்லை. லட்சங்கள் போகின்றன, லட்சங்கள் திரும்புகின்றன. வராதவர் பெயரைக் கண்டுபிடிக்க அல்காரிதம் தேவைப்படுவதில்லை. விருந்து முடிந்த இரவு பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டுவார். மறுநாள் வராதவர் வீட்டுத் திண்ணையில் ஆள் இருக்கும்: 'என்ன மாப்ளே, நேத்து ஆளைக் காணோம்?'

ஆன்லைன் ஏலத்தில் சேரும்போது ஒத்துக்கொள்ளும் விதிமுறைகள் பல பக்கம் ஓடும், யாரும் படிப்பதில்லை. மொய் நோட்டில் ஒரு வரிதான், ஊரே படிக்கிறது. இந்த வேறுபாட்டை விளக்க இரு பள்ளிகளையும் அழைத்தபோது, 14ஆம் ஓலையில் மொய் பற்றிய ஓட்டை எதுவும் இல்லை என்று கூறி ஒதுங்கிக்கொண்டனர்.

7. மேலாய்வுக்கு உரியவை

'சர்வர் டவுன்' என்ற விடைக்கும் மாதக் கடைசிக்கும் உள்ள தொடர்பு. கட்டாதவருக்கு அடுத்தபடியாகக் கேட்டுத் தோற்றவரின் மனநிலை: 'உங்களுக்கே தந்துடுறேன் அண்ணே' என்று செய்தி வரும்போது, தோற்றதற்கு அவர் ஏற்கெனவே சந்தோஷப்பட்டு முடித்திருப்பார். கடைசியாக, சொன்ன நேரத்தில் பணம் கட்டிவிடும் சிறுபான்மையினர். இவர்களில் ஒருவர் நேர்காணலுக்கு ஒப்புக்கொண்டார். ஆனால் கேள்வி எதற்கும் விடை சொல்லவில்லை. பணம் வாங்கிக்கொண்டு காசை அனுப்பாதவரைப் பற்றி யாராவது ஆய்வு செய்கிறார்களா என்று மட்டும் கேட்டார். அதற்குத் தனி நிதிநல்கை கோரி விண்ணப்பம் போயிருக்கிறது.