முன்னுரையை நம்பாதேங்கோ

கேள்வி: விண்டோஸ் 10க்கு இனி ஆதரவில்லையாம், பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் போடச் சொல்லுறான் மகன். தொடக்கக்காரருக்கான வழிகாட்டி நல்லதோ கூடாதோ என்று கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க ஏலுமோ? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்)

பதில்: விடைத்தாள் திருத்திப் பழகின கை, ஏலாமல் என்ன மாஸ்ரர்? ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது உண்மைதான். புத்தகத்தின் முன்னுரையை விடுங்கோ. அதில் எல்லாரும் நல்லவர்கள். நேரே நிறுவும் அத்தியாயத்தைப் பிரியுங்கோ. உபுண்டு என்ற லினக்ஸைப் போடும்போது, வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவட்டுமா என்று ஓரிடத்தில் கேட்கும். ஓம் என்று அமத்தினால் பேத்தியின் சாமத்தியவீட்டுப் படங்களும் சேர்ந்து போகும். ‘முதலில் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுங்கள்’ என்ற எச்சரிக்கை அந்தப் படிக்கு முன்னால் நிற்கிறதா? புத்தகத்தைக் கையில் வைத்திருங்கோ. அடுத்த பக்கத்தில் நிற்கிறதா? இராக்கையில் திருப்பி வையுங்கோ.

நிறுவாமலே யூஎஸ்பியிலிருந்து லினக்ஸை ஓடவிட்டு, வைஃபையும் ஒலியும் அச்சுப்பொறியும் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். இதைச் சொல்லாத புத்தகம், மாப்பிள்ளையைப் பார்க்காமல் நாள் வைக்கச் சொல்லுகிறது.

கடைசிச் சோதனை சின்னது. கட்டளை அடிக்கும் முனையத்தில் கடவுச்சொல் அடிக்கும்போது வழக்கமாகத் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. விசைப்பலகை பழுதென்று புதியவர் எழும்பிப் போவது அந்த இடத்தில்தான். ‘ஒன்றும் தெரியாது, பயப்படாமல் அடித்து முடியுங்கள்’ என்று ஒரு வரி இருந்தால், எழுதியவர் யாரோ ஒரு தொடக்கக்காரருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். வாங்கலாம்.

கேள்வி: புத்தகத்தில் உள்ள படம் ஒன்று, என் திரை வேறொன்று. பிழை என்னிலோ? (ஏஎல் மாணவி, சுன்னாகம்)

பதில்: ஆண்டில், தங்கச்சி. உபுண்டுவின் பதிப்பெண்ணே பிறந்த திகதி: 24.04 என்றால் 2024 ஏப்ரல். 2011இல் யூனிட்டி என்ற முகப்பைக் கொண்டுவந்தார்கள், 2017இல் கைவிட்டு க்னோம் முகப்புக்குத் திரும்பினார்கள். இடையில் அச்சான புத்தகங்களின் படங்கள் எல்லாம் அன்றோடு பழசு. கட்டளைகள் அவ்வளவு கெதியாய்க் கிழடாவதில்லை. எல்எஸ், சிபி போன்றவை யூனிக்ஸ் காலத்திலிருந்தே உழைக்கின்றன. பழைய புத்தகமென்றால் படங்களைத் தாண்டி, கட்டளைகள் உள்ள அத்தியாயத்தைப் படியும்.

கேள்வி: ‘டம்மீஸ்’ என்று அட்டையில் போட்ட புத்தகத்தை பஸ்ஸில் வைத்துப் படிக்க வெட்கமாயிருக்கு. (வங்கி ஊழியர், சாவகச்சேரி)

பதில்: அந்த வரிசையே 1991இல் டேன் கூக்கின் எழுதிய டாஸ் புத்தகத்தோடுதான் தொடங்கியது. அட்டை திட்டினால் பறவாயில்லை. அட்டையில் ‘ஏழே நாளில் நிபுணர்’ என்று புகழ்ந்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில் ‘இது யாவரும் அறிந்ததே’ என்று எழுதுகிறார்களே, அதுதான் திட்டு. பழைய ‘உதயன்’ பத்திரிகை ஒன்றால் உறை போடுங்கோ.

கேள்வி: தமிழில் இருக்கோ? யாழ்ப்பாணத்தாருக்கு அது காணுமோ? (அச்சக உரிமையாளர், உரும்பிராய்)

பதில்: இருக்கு. து. நித்யாவின் ‘எளிய தமிழில் கனு/லினக்ஸ்’, கணியம் வெளியிட்ட இலவச மின்னூல். கட்டளைகளை உதாரணத்தோடு சொல்லுகிறது. தொடங்கப் போதும்.

ஆனால் உங்கள் அச்சகத்தின் கலியாணக் காட்டும் அந்தியேட்டிக் கல்வெட்டும் பாமினியில் அல்லவா இருக்கும்? பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’வே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்பாள். கோப்பு கெடவில்லை, எழுத்துருவை நிறுவினால் திரும்பி வருவாள், பிறகு ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். நம்மூருக்கென்று வழிகாட்டி எழுதுகிறவர் இதற்கொரு அத்தியாயம் ஒதுக்காவிட்டால் நான் புள்ளி போடமாட்டேன்.

கேள்வி: இதெல்லாம் தமிழில் படிச்சு உருப்படுமோ? (பெயர் வேண்டாம், நல்லூர்)

பதில்: 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மனித உடம்பின் அமைப்பையே தமிழில் படிப்பித்தவர். கலைச்சொல் தொகுதிகளும் வெளியிட்டார். நீங்களும் வாங்குமுன் கடைசிப் பக்கங்களில் கலைச்சொல் பட்டியல் இருக்கோ என்று பாருங்கோ.

கேள்வி: ரியூட்டறியில் ஒரு லினக்ஸ் புத்தகத்தைப் போட்டோக்கொப்பி அடித்து 1,500 ரூபாவுக்குத் தந்தார்கள். வில்லியம் சொட்ஸ் எழுதினதாம். (மாணவன், பருத்தித்துறை)

பதில்: நல்ல புத்தகம், ஆங்கிலத்தில் கட்டளை படிக்க நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். ஆசிரியரே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். பிரதி எடுத்துக் கொடுக்கலாம், வியாபாரம் செய்யக்கூடாது என்பது அதன் உரிமம். கடதாசிக் காசை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கேளும், தம்பி.