கடைத்திணை: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று நிலம் பிரித்த தொல்காப்பியர் தெருமுனை மளிகைக் கடையை விட்டுவிட்டார். அவர் காலத்தில் பாக்கிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுக்கும் வழக்கம் இல்லையாதலால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. விடுபட்டதை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்திணைக்குச் சிறுபொழுது மாலை ஆறரை மணி. பெரும்பொழுது மாதத்தின் முதல் வாரம். கருப்பொருள்களுள் தெய்வம், கல்லாவுக்கு மேல் சீரியல் பல்பு மினுங்கும் லட்சுமி. விலங்கு, துவரம்பருப்பு மூட்டைமேல் உறங்கும் பூனை. பறை, எவ்வளவு பணம் வந்தது என்று தெருவுக்கே அறிவிக்கும் க்யூஆர் பெட்டி. உரிப்பொருள் நிற்றலும் நிற்றல் நிமித்தமும். இதை முல்லைக்குரிய இருத்தலில் அடக்கலாமே எனின், ஆகாது. முல்லைத் தலைவிக்குக் கார்காலத்தில் தலைவன் வந்துவிடுவான் என்ற நம்பிக்கையாவது உண்டு.

நிற்பவரைக் கடைக்காரர் காண்பதில்லை. இது பார்வைக் கோளாறு அன்று. நமக்குப் பின்னால் வந்து, நம் தோளுக்கு மேலே கையை நீட்டி, "அண்ணாச்சி, ஒரு பால்" என்பவரை உடனே கண்டுகொள்கிறாரே! ஆகவே கடைத்திணையில் உருவம் குரலால் உண்டாகிறது என்க. பையும் பட்டியலுமாகப் பள்ளிச் சிறுவன் ஒருவன் ஷாம்புச் சரங்களுக்குக் கீழே நிற்பான். அவனுக்குக் குரல் உடையும் வயது வரும்வரை உருவம் இல்லை.

இனிச் சில்லறை இயல். 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாய்க்கும் அதற்கு மேலுமுள்ள நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரை கொடுத்துக் கடன் தீர்க்கலாம். மிட்டாயைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. கடைத்திணையிலோ இரண்டு மிட்டாய் இரண்டு ரூபாய். அப்படிச் சேர்ந்த மிட்டாய்களில் ஐந்தை எடுத்துப்போய் ஒரு தீப்பெட்டியும் பிஸ்கட்டும் கேட்டுப் பார்த்தேன். "என்ன சார், விளையாடுறீங்களா?" என்றார். மிட்டாய் கல்லாவிலிருந்து வெளியே மட்டும் போகும் நாணயம் என்பது இதனால் பெறப்படும்.

பத்து ரூபாய் நாணயத்தின் கதை இதற்கு நேர்மாறானது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. கல்லாவோ அதை ஏற்பதில்லை. அரசு அச்சடித்தது செல்லாது, ஆரஞ்சு மிட்டாய் செல்லும் என்று சொல்லும் துணிவு உலகில் வேறெந்த மைய வங்கிக்கும் வராது. யுபிஐ வந்தபின் இவ்வியல் வழக்கொழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. "பத்து ரூபாய்க்கெல்லாம் ஜிபே வாங்குறதில்ல சார்" என்ற புது விதி பிறந்தது.

கூலிங் சார்ஜ் இத்திணையின் சிறுபான்மை வழக்கு. அதிகபட்சச் சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பது சட்டம். குளிருக்கு விலை தனி என்பது ஃபிரிட்ஜ் கட்சி. பில் கேட்டால் கொடுக்க மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. நாம் கேட்கும்போதோ பில், கிழித்த சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் மொத்தத் தொகையாக மட்டும் வரும்.

இவ்வளவு இருந்தும் மக்கள் ஏன் அங்கேயே போகிறார்கள் என்பார்க்கு விடை: குளிரூட்டிய பெரிய கடையில் வணக்கம் சொல்வார்கள், செல்போன் எண் கேட்பார்கள், ஆனால் இருபத்தைந்தாம் தேதி அரிசியைக் கொடுத்துவிட்டு "ஒண்ணாம் தேதி பார்த்துக்கலாம்" என்று சொல்லமாட்டார்கள். கடைக்காரரின் நீண்ட நோட்டில் தெருவே இருக்கிறது. நிற்க வைக்கும் உரிமை அந்த நோட்டிலிருந்தே அவருக்கு வந்தது என்பது என் துணிபு.

உடன்படாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நோட்டில் பாக்கி உள்ளவர்கள் முதலில் அதை அடைத்துவிட்டுப் பேசவும்.