போய் வந்த கடல்

சரவணையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கடல்வழியே 110 கிலோமீற்றர்தான். நாகபட்டினத்தில் இறங்கினால் வேளாங்கண்ணி அரை மணித்தியாலத்துக்குள். ஆனால் 1979இல் நாங்கள் யாத்திரைக்கு வெளிக்கிட்டபோது, வடக்கே போகிறதுக்காக எங்கள் கடதாசிகள் எல்லாம் முதலில் தெற்கே போயின. கடவுச்சீட்டும் கொழும்பில், விசாவும் கொழும்பில். சுவாமியார் எங்கள் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களை ஒரு தோல் பையில் அடுக்கி எடுத்துக்கொண்டு போய்வந்தார். எனக்கு அப்போது 16 வயது. வீடு சரவணையில், பூசைக்கு நாரந்தனைக்கு நடந்து போவோம். கடலைத் தினமும் பார்த்து வளர்ந்தாலும் எழுவைதீவு, நயினாதீவுக்கு அப்பால் நான் போனதில்லை.

வெளிநாட்டுப் பயணம் என்று ஊரில் யாரும் அதைச் சொல்லவில்லை. "மாதாட்டப் போயினம்" என்றுதான் பேச்சு. சனம் வந்து நேர்த்திக்காசு கட்டித் தந்தது. பெரியம்மா பினாட்டும் பனங்கட்டியும் பயற்றம்பணியாரமும் ஒரு பெட்டி நிறையக் கட்டினா. அக்கரையில் கராம்புக்கும் லக்ஸ் சவர்க்காரத்துக்கும் நல்ல மதிப்பு என்று யாரோ சொல்ல, உடுப்புகளுக்கு நடுவே அவையும் ஏறின.

பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய் ரயில் ஏறி, மதவாச்சியில் இறங்கி, கொழும்பிலிருந்து வரும் தலைமன்னார் வண்டிக்காக விடிய விடியக் காத்திருந்தோம். தலைமன்னார்த் துறையில் கப்பல் நின்றது. பெயர் இராமானுஜம். இரும்பும் டீசலும் வாந்தியும் கலந்த அதன் மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. மேல்தட்டில் எங்கள் செபமாலைக் கூட்டம். பக்கத்தில் இராமேஸ்வரத்தில் தீர்த்தமாடப் போகும் சைவச் சனம். இரண்டு பகுதியும் கட்டுச்சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டது. மூன்றாவதாக ஒரு கூட்டமும் இருந்தது. அதைப் பற்றி அந்த வயதில் எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அவர்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள். தகர டிரங்குப் பெட்டி, பாய்ச்சுருள், ஒரு தையல் மெசின், கயிற்றால் கட்டிய அம்மிக்கல். அம்மியைக் கூடக் கொண்டு போகிறார்களே என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வயதுப் பிள்ளை ஒருத்தி அம்மியின் மேலேயே குந்தியிருந்தாள். நானுஓயாப் பக்கம் என்றாள். நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்டாள். சொன்னேன்.

"எப்ப திரும்பி வருவீங்க?"

"பெருநாள் முடிய வந்திடுவம்."

"நாங்க இனிமே வரமாட்டோமாம்" என்றாள். அழுகிற குரல் இல்லை. யாரோ தனக்குச் சொன்னதை எனக்குச் சொல்கிற குரல்.

அவர்களைக் கப்பல் ஏற்றியது 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம். அவர்களைப் போன்ற மலையகச் சனத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றும் இரண்டு அரசுகளும் கணக்கு முடித்தன. பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்தப் பிள்ளை இலங்கையில் பிறந்தவள். அவளுடைய தாயும் இலங்கையில் பிறந்தவ. வாழ்நாளில் காணாத நாட்டுக்கு அவர்களைத் "தாயகம் திரும்புவோர்" என்று எழுதி ஏற்றியிருந்தார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே கப்பல், ஒரே கடல், முதல் வெளிநாட்டுப் பயணம். இராமேஸ்வரத்தில் அவர்களை வேறு வரிசையில் நிறுத்தினார்கள். மண்டபம் முகாமுக்கு என்று கேள்விப்பட்டேன். பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இந்தியாவைப் பற்றி அந்தப் பயணத்தில் நான் கண்ட எதையும் விட அந்த அம்மிக்கல்லைத்தான் அதிகம் நினைத்திருக்கிறேன்.

மற்றபடி அது ஆனந்தமான பயணம். பாம்பன் பாலத்தில் அப்போது வாகனப் பாதை இல்லை, 1914இல் திறந்த ரயில் பாலம் மட்டும்தான். வண்டி ஊர்ந்து போக, கீழே தண்ணீர் தெரிய, பெரியம்மா கண்ணை மூடி மங்கள வார்த்தை செபம் சொன்னா. இராமநாதபுரத்தில் தேத்தண்ணிக் கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டதும், "சிலோனா நீங்க?" என்று கேட்டு, காசு வாங்க மாட்டேன் என்றார். இலங்கை வானொலியின் கே.எஸ். ராஜாவை நேரில் கண்டிருக்கிறோமா என்று அறிய அவருக்கு அவ்வளவு ஆவல். நாங்கள் கண்டதில்லை. ஆனால் அந்தக் குரல் எங்கள் நாட்டுக் குரல் என்பதில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொழும்பில் வாய் திறந்து தமிழ் பேச யோசிக்கச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாங்கள். 1977 கலவரம் முடிந்து இரண்டே வருஷம். இங்கே, கடவுச்சீட்டில் முத்திரை குத்திய நாட்டில், கடைப் பெயர்ப்பலகை முதல் பஸ் கொண்டக்டர் வரை எல்லாம் தமிழ்.

வழியில் ஓரியூரில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். 1693இல் அருளானந்தர் தலை வெட்டுண்ட இடம். அந்த மண் சிவப்பு. எல்லோரும் ஒரு சிட்டிகை எடுத்துக் கடதாசியில் மடித்தோம். திரும்ப பஸ் ஏறியதும் சுவாமியார் தனிநாயகம் அடிகளின் கதையைச் சொன்னார். கரம்பொன்னில், எங்கள் தீவில், 1913இல் பிறந்தவர். ரோமாபுரியில் படித்துக் குருவானவர். ஆனால் தமிழை ஆழமாகக் கற்கத் தொடங்கியது திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தபோதுதான். பிறகு திரும்பி வந்து பேராதனையில் படிப்பித்தார். தமிழாராய்ச்சியை உலகமெல்லாம் கொண்டுபோனார். "கடல் தாண்டினால் அறிவு வரும் பிள்ளையள், ஆனா திரும்பி வந்து குடுக்கவேணும்" என்றார் சுவாமியார். ஒரு வருஷம் கழித்து, 1980 செப்ரெம்பரில், அடிகளார் காலமானார்.

வேளாங்கண்ணியில் மணல். பழைய மாதா குளம் வரைக்கும் சனம் முழங்காலில் நடந்தது, நானும் நடந்தேன். முன்னால் மொட்டையடித்த ஒரு கிழவர் ஒரு தென்னங்கன்றை நெஞ்சோடு அணைத்தபடி முழங்காலில் போனார். நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் குருத்தில் ஒட்டிய மணலை ஊதினார். இரவு தேர் வெளிக்கிட, "மரியே வாழ்க" என்று எழும்பிய சத்தத்தில் எங்கள் குரல் தனியாகக் கேட்கவில்லை. சொன்னபடி பெருநாள் முடிய வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பெரியம்மா ஓரியூர் மண்ணை ஊர் முழுக்கப் பங்கிட்டா.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1983 கலவரம் வந்தது, அடுத்த வருஷத்துக்குள் கப்பலும் நின்றது. 1990 ஓகஸ்டில் ஊர்காவற்றுறையில் இராணுவம் இறங்கத் தீவுப்பகுதி ஒரேயடியாக வெறுமையாகியது. என் அக்காவின் குடும்பம் இரவு வள்ளத்தில் அக்கரைக்குப் போனது. மண்டபம், பிறகு திருச்சி, பிறகு ஏஜென்சிக்காரனின் கையில் பாரிஸ். நானுஓயாப் பிள்ளையின் வாய்ச்சொல் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. எங்களுக்குப் பின்வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் என்பது திரும்பி வராத பயணம். போய்ப் பார்த்து, கும்பிட்டு, வீட்டுக்கு வந்து கதை சொல்கிற பயணம் என்று ஒன்று உண்டு என்பதே இந்தத் தீவில் மறந்துபோனது. போர் எங்களிடம் பறித்தவற்றின் பட்டியலில் இதை யாரும் எழுதுவதில்லை. நான் எழுதுவேன்.

போன வருஷம், 2025 ஓகஸ்டில், அக்காவின் பேத்தி வந்தாள். அவளுக்கும் 16 வயது. பாரிஸ் புறநகர் ஒன்றிலிருந்து தமிழ்ப் பங்கு இளையோர் கூட்டமாக, மடு மாதா பெருநாளுக்கு வந்தவர்கள். லூர்து அவளுக்கு ரயிலில் போய்வருகிற இடம். ஐரோப்பாவை விட்டு வெளியே வருவது இதுதான் முதல்முறை. அவளை ஒருநாள் சரவணைக்குக் கூட்டி வந்தேன். அவளுடைய அம்மம்மா பிறந்த வீட்டில் கூரை இல்லை. விறாந்தைத் தூண்களும் கிணற்றுக்கட்டும் நிற்கின்றன. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அறை அறையாகக் கேட்டாள்: இது யாருடைய அறை, சமைத்தது எங்கே, சுருவம் வைத்த இடம் எது? பேச்சில் பிரெஞ்சு இடறினாலும் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள்.

"சின்னம்மம்மா, நீங்கள் எண்ட வயசில எங்க போனனீங்கள்?"

சொன்னேன். போனில் வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். "இது கிட்டத்தானே! நாங்கள் ஏன் இங்கயிருந்து அங்க போகேல்ல?"

அதற்கு நியாயமான பதில் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை. அந்நாளில் கப்பல் தலைமன்னாரில், கடதாசிகள் கொழும்பில். ஆனாலும் கூட்டமாகப் போனோம். இன்றோ யாழ்ப்பாணத்தில் 2010இலிருந்து இந்தியத் துணைத்தூதரகம் இருக்கிறது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கிறது. தலைமன்னாருக்கு ரயில் 2015இல் மறுபடி வந்துவிட்டது, அந்தத் துறையில் கப்பல்தான் இல்லை. ஆனால் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டிலிருந்து "சிவகங்கை" ஓடுகிறது. மாரிகாலத்தில் நிற்கும், மற்றபடி ஏறினால் அன்றைக்கே வேளாங்கண்ணி. 2025 செப்ரெம்பரில் கடவுச்சீட்டு அலுவலகமும் யாழ்ப்பாணத்தில் திறந்தாகிவிட்டது. வழி இவ்வளவு திறந்திருக்க, தீவுப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்.

பேத்தி திரும்பிப் போன பிறகு பங்குச் சபையில் கேட்டேன்: உறுதிபூசுதல் பெற்ற பிள்ளைகளை அடுத்த வேளாங்கண்ணிப் பெருநாளுக்குக் கப்பலில் கூட்டிப்போக வேண்டும். காசைப் பற்றிப் பேசினார்கள். அது சேரும், வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் தரும். பிறகு ஒரு தாய் எழும்பினா.

"அங்கால போன பிள்ளையள் திரும்பி வராமல் நிண்டிட்டினமெண்டால் ஆர் பொறுப்பு?"

அவவின் இரண்டு சகோதரங்களும் போய் வராதவர்கள். அந்தக் கேள்வியில் பிழை இல்லை. நான் கூடப் போகிறேன், ஒவ்வொரு பிள்ளையையும் கையில் பிடித்துக் கூட்டி வருவேன் என்று எழும்பிச் சொன்னேன். பங்குத்தந்தை சம்மதித்தார்.

பெயர்கள் வரத் தொடங்கிவிட்டன. அந்தத் தாயும் மகளின் பெயரைத் தந்திருக்கிறா. விண்ணப்பப் படிவங்களை நான்தான் நிரப்புகிறேன். சில பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்துக்குப் பிரதி எடுக்க இந்தக் கிழமை வேலணைப் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும்.